கதவைச் சாத்திவிட்டுக் கேட்ட கேள்வி

மேடையில் இருக்கும் போதகர் ஐயா அவர்களே, மருத்துவமனைத் தோழர்களே, மறைந்த எங்கள் எக்ஸ்ரே அக்காவின் நினைவாகக் கூடியிருக்கும் சொந்தங்களே!

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக ஒரு கடிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்தேன். அக்கா நம் சபையில் முப்பது ஆண்டுகள் நடத்திய வாலிபர் வகுப்பை இனி நான் நடத்த வேண்டும் என்று போதகர் கேட்டிருந்தார். என்னால் முடியாது என்று எழுதிய கடிதம் அது.

சாதாரண வகுப்பா அது! திருமணம்வரை உடலுறவுக்குக் காத்திருங்கள் என்று இந்தக் காலத்தில் யார் வாய்திறந்து சொல்வார்? அக்கா சொன்னார். ஒருநாள் ஒரு வாலிபன் எழுந்து, "கல்யாணமே ஆகாத உங்களுக்கு இதப் பத்தி என்னக்கா தெரியும்?" என்றான்.

"காத்திருக்கிறதப் பத்தித்தானேடா பாடம்? என்னைவிட அனுபவம் உள்ளவங்க இருந்தா கூட்டிட்டு வா, நான் பெஞ்சுல உக்காந்துக்கறேன்!"

சிரிப்பு அடங்கியதும் சொன்னார்: "உடம்பைக் குடுக்கறதுன்னா, கடைசிவரைக்கும் கூட இருப்பேன்னு சொல்றது. அத மொதல்ல கடவுள் முன்னாடி வாயால சொல்லுங்க. அப்புறம் உடம்பால சொல்லலாம்."

அதே அக்கா வேலையில் எப்படி? எக்ஸ்ரே எடுக்குமுன் எந்தப் பெண்ணிடமும் கர்ப்பமா என்று கேட்டாக வேண்டும். அவருடைய வகுப்பில் முன்வரிசையில் உட்காரும் இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி, மணிக்கட்டு உடைந்து தாயோடு வந்தாள்.

"கல்யாணம் ஆகாத பொண்ணும்மா, அதெல்லாம் கேக்காதீங்க" என்றார் தாய்.

"சரிங்கம்மா. கதிர் படும், நீங்க வெளிய நில்லுங்க."

கதவைச் சாத்திவிட்டுத்தான் கேட்டார். "தெரியலக்கா" என்று அழுதாள் பெண். திட்டினாரா? உபதேசம் செய்தாரா? கதிரைத் தடுக்கும் ஈய ஏப்ரனை அவள் வயிற்றின்மேல் கட்டினார். "மொதல்ல கைய நேரா வை. மத்தத நாம பாத்துக்கலாம்."

பரிசோதனையில் கர்ப்பம் இல்லை. அதற்குள் அவள் காதலித்தவனும் அவளோடு இல்லை.

அடுத்த ஞாயிறு அக்கா அதே பாடத்தை ஒரு வார்த்தை குறைக்காமல் நடத்தினார். "என்னை வச்சுக்கிட்டே எப்படிக்கா பேசினீங்க?" என்று கேட்டாள் அவள்.

"குறைச்சுச் சொன்னா உன்னைக் கைகழுவிட்டேன்னு அர்த்தம்டி. இன்னையிலேருந்தும் காத்திருக்கலாம்."

அவள் காத்திருந்தாள். மணக்க வந்தவரிடம் முதலிலேயே எல்லாம் சொன்னாள். தாயிடம் மட்டும் சொல்ல முடியவில்லை. அக்காவும் இறக்கும்வரை சொல்லவில்லை.

அந்தப் பெண் நான்.

பாடம் எடுக்க எனக்கு என்ன தகுதி என்றுதான் அந்தக் கடிதத்தை எழுதினேன். ஐயா, அது பைக்குள்ளேயே இருக்கட்டும். இந்த மேடை ஏறும்வரை யாரிடமும் சொல்லாத முடிவு இது: ஞாயிறு வகுப்பை நானே எடுக்கிறேன். ஒரு வார்த்தையும் குறைக்க மாட்டேன். என்னையும் மறைக்க மாட்டேன்.

மூன்றாம் வரிசையில் இருக்கும் என் அம்மாவே, அன்று அக்கா உங்களை வெளியே நிறுத்தியது எனக்காக. இன்று கதவைத் திறந்துவிட்டேன். உள்ளே வாருங்கள் அம்மா.