கணேசமூர்த்தி ஆசாரி எனக்காகச் செய்த கிதார்

தலைவர் திரு. ஜவஹர் அவர்களே, என் அருகில் அமர்ந்திருக்கும் ரேடியோக்கடை ஹபீபுர் ரஹ்மான் அவர்களே, கணேசமூர்த்தி ஆசாரியின் குடும்பத்தாரே, இசைக்கருவி செய்வோர் சங்கத்தாரே, வணக்கம்.

முதலில் ஒரு திருத்தம். "திருமதி பிலோமினா மரியசெல்வம் தமது கிதாரைச் சங்கத்துக்கு அன்பளிப்பாக வழங்கியுள்ளார், அது ஆசாரியின் படத்தருகே கண்ணாடிப் பெட்டியில் வைக்கப்படும்" என்று இன்றைய நோட்டீசில் அச்சாகியிருக்கிறது. நான் வழங்கவில்லை. ஆசாரியிடம் பழுது பார்க்கக் கொடுத்திருந்தேன். மேல்பலகையைக் கழற்றிய நிலையில் அது பட்டறையில் கிடந்தபோது, சென்ற மாதம் அவர் காலமானார். பட்டறையைக் காலி செய்தவர்கள் மற்ற சாமான்களோடு அதையும் இங்கே கொண்டுவந்து சேர்த்துவிட்டார்கள்.

இனி அவரைப் பற்றிப் பேசுகிறேன்.

கணேசமூர்த்தி முப்பது வருடம் மயிலாப்பூரில் வீணை செய்தவர். 1969-ல் நான் அவரிடம் போய் ஒரு கிதார் செய்து தரச் சொன்னேன். என் கணவர் மரியசெல்வம் இறந்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. அவர் வாசித்த கிதார் சாந்தோம் கடற்காற்றில் ஒட்டு விட்டுப் பிரிந்துபோனது. எனக்கு அவர் நான்கு பாட்டுகள் சொல்லித் தந்திருந்தார். மாலை ஆறு மணிக்கு அந்தச் சத்தம் இல்லாத வீட்டில் உட்கார்ந்திருப்பது எப்படி என்று உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும்.

ரேடியோவோடு இணைக்கும் வசதியும் அதில் வேண்டும் என்றேன்.

"இன்னா டீச்சரம்மா, கச்சேரி பண்ணப் போறீங்களா?"

"அது உங்களுக்குத் தேவையில்லாத விஷயம்."

"தேவை கீதும்மா. யாருக்குக் கேக்கணும்னு தெரிஞ்சாத்தானே மரத்தை எவ்ளோ இழைக்கிறதுன்னு தெரியும்."

அவர் ஒரு பலாத்துண்டை எடுத்து என் இடப்பக்கம் நின்று தட்டினாராம். நான் திரும்பவில்லை. வலப்பக்கம் வந்து தட்டினார். திரும்பினேன். அதன் பிறகு அவர் அதைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. என் கையைப் பழுப்புத் தாளில் வைத்து அளவு வரைந்துகொண்டார்.

வெளிநாட்டுப் படத்தைப் பார்த்துச் செய்ததல்ல அந்தக் கிதார். கழுத்தை என் விரல்களுக்காக ஒடுக்கினார். பின்பலகை நெஞ்செலும்பில் படும் இடத்தைப் பலாவில் மெலிதாக இழைத்தார். காதுக்கு வராதது உடம்புக்காவது வரட்டும் என்று. தந்தியின் அதிர்வை ரேடியோவுக்கு அனுப்பும் காயிலை ஹபீபுர் ரஹ்மான் கையால் சுற்றினார். முதல் நாள் மின்விசிறி ஓடும்போதெல்லாம் அது இரைந்தது.

"இன்னா பாய், உன் காயிலு ஃபேனைப் பாத்தா பாடுது, டீச்சரம்மாவைப் பாத்தா வாயை மூடிக்குது?"

"நான் இன்னா பண்றது நைனா, அதுக்கும் காத்து வேணுமாம்."

1971 மே மாதம், தி. நகரில் என் பழைய மாணவிகளின் விழாவில் அதை வாசித்தேன். வீணை செய்கிறவர்கள் மெட்டுகளை, அதாவது தந்திக்கு அடியில் சுரத்துக்கு ஒன்றாக வரும் குறுக்குக் கம்பிகளை, மெழுகில் பதிப்பார்கள். அதை மேளம் கட்டுவது என்பார்கள். கணேசமூர்த்தி கிதாருக்கும் அப்படியே மேளம் கட்டியிருந்தார். மேடை விளக்கின் சூட்டில் மெழுகு இளகி, மெட்டுகள் இடம் நகர்ந்தன. நான் வாசித்துக்கொண்டே போனேன். அவர் கூட்டத்திலிருந்து ஏறி வந்து ரேடியோவுக்குப் போகும் ஒயரைப் பிடுங்கினார். சபையைப் பார்த்து, "டீச்சரம்மா சரியாத்தான் வாசிச்சாங்க. நான் கட்டுன மேளந்தான் தப்பு" என்றார்.

அன்றிலிருந்து, கிதார் செய்யத் தெரியாமல் செய்தவர் என்ற பேச்சு அவர் மேல் இருக்கிறது. மெழுகு அவர் தவறு. அதைப் பிறகு அவரே சுரண்டி எடுத்துவிட்டு, மெட்டுகளை மரத்தில் அறுத்துப் பதித்தார். ஆனால், சுருதி விலகிய முதல் மெட்டிலேயே யாரும் நிறுத்தியிருப்பார்கள். நான் ஏன் நிறுத்தவில்லை? எனக்குக் கேட்கவில்லை. இடது காது போய், வலதும் மங்கி, நான் செவிடாகிக்கொண்டிருந்தேன். அது அவருக்குத் தெரியும். என் மாணவிகளுக்குத் தெரியக்கூடாது என்று நான் நினைத்ததும் தெரியும். ஆறு வருடம் என் குறையைத் தன் பெயரில் வைத்துக்கொண்டார். நானும் பேசாமல் இருந்தேன். அதை இந்தச் சபையில் ஒப்புக்கொள்ளவே வந்தேன்.

இந்த வருடம் வலது காதும் மிகவும் குறைந்தது. இன்னும் பலமான காயில் பொருத்தத்தான் அவர் மேல்பலகையைக் கழற்றினார். புதிய காயில் ஹபீபுர் ரஹ்மானிடம் தயாராக இருக்கிறது. அதைப் பொருத்தி, பலகையை ஒட்டி, தந்தி பூட்ட வேண்டும். வலது காதில் ஒரு வருடத்துக்குக் கேட்கும் சக்தி மிஞ்சும் என்கிறார் டாக்டர். அந்த ஒரு வருடம் மரியசெல்வத்தின் நான்கு பாட்டுகளை நான் கேட்க வேண்டும்.

கண்ணாடிப் பெட்டி கணேசமூர்த்திக்கு மரியாதை என்று நினைக்கிறீர்கள். அவர் முடிக்காமல் விட்ட வேலையைப் பூட்டி வைப்பது எப்படி மரியாதையாகும்? அதை முடிக்கவைப்பது என் பொறுப்பு. உங்களில் மரவேலை தெரிந்த ஒருவர் முன்வந்தால், செவ்வாயும் வெள்ளியும் நான் அவருடைய பட்டறைக்கு வந்து உட்காருவேன்.

தலைவர் அவர்களே, கிதாரைத் திருப்பித் தருவீர்களா? வேலையை யார் முடிப்பார்? இங்கே நீங்கள் வாயால் சொல்லும் பதில் எனக்குக் கேட்காது. தயவுசெய்து ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.