திரையில் சுற்ற வேண்டிய ஷூ

சுஹேல்: ...கம்ப்யூட்டர அப்டியே குப்புறப் போடுமா. ஸ்க்ரீன் மேல கீறல் விழாம. துணி எதுனா இருக்கா?

மெர்சி: லைனிங் துண்டு விரிச்சிருக்கேன். சீக்கிரம் பாய். சாப்பாட்டுக்கு அப்புறம் ஷூ வாங்கற வெளிநாட்டு பையர் லைன்ல வர்றான்.

சுஹேல்: வரட்டும். அவன் ஊர்ல இப்பதான் விடிஞ்சிருக்கும்.

மெர்சி: அத அருணகிரி சார்கிட்ட சொல்லுங்க. காலைலேந்து கதவுகிட்ட வந்து வந்து எட்டிப் பாக்கறாரு.

சுஹேல்: மேனேஜர்னா எட்டித்தான் பாப்பாரு. உள்ள வந்து ஸ்க்ரூ கழட்டுவாரா... நேத்து இன்னா ஆச்சு, அத சொல்லு.

மெர்சி: கம்ப்யூட்டர்ல வரைஞ்ச ஷூவ திரையில சுத்திக் காட்டுனேன். மேல்தோல் வரைக்கும் ஒழுங்கா வந்துச்சு. லைனிங், தையல் எல்லாம் ஏத்துனதும் நின்னுடுச்சு. மௌஸ் கூட அசையல. அவன் அந்தப் பக்கம் ஹலோ, ஹலோன்னு கத்தறான்.

சுஹேல்: பதினாறு ஜிபில அவ்ளோதான் ஓடும். பிராசசர் நல்ல பிராசசர், கிராபிக்ஸ் கார்டு தனியா இருக்கு. மெமரிதான் கம்மி. வாங்கும்போதே சொன்னேன், ஜாஸ்தியா போட்டு வாங்குங்கன்னு. யாரு கேக்கறா.

மெர்சி: இப்ப எவ்ளோ போடறீங்க?

சுஹேல்: அறுபத்தி நாலு. முப்பத்திரண்டு, முப்பத்திரண்டு, ரெண்டு ஸ்டிக்கு. வேலூர்ல லாங் பஜார் பூரா கேட்டேன், எவன்கிட்டயும் இல்ல. சென்னையிலேந்து வந்துச்சு.

மெர்சி: போட்டா சுத்துமா?

சுஹேல்: சுத்தும்.

மெர்சி: நிக்காம?

சுஹேல்: ...நிக்காம.

மெர்சி: ஏன் பாய் இழுக்கறீங்க?

சுஹேல்: இழுக்கல. ஸ்க்ரூ ஒண்ணு டைட்டா இருக்கு.

மெர்சி: அம்பரீன் இன்னா சொல்றா?

சுஹேல்: எதப் பத்தி?

மெர்சி: உங்க பொண்டாட்டி சாம்பிள் ரூம்ல தைக்கறா. எதப் பத்தின்னு என்ன கேக்கறீங்க.

சுஹேல்: வூட்ல அவ ஜாஸ்தி பேசறதில்ல. நேத்து துணி மடிச்சுட்டே கேட்டா. கம்ப்யூட்டர்ல பாத்தா போதுமா, கைல எடுத்து வளைச்சுப் பாக்க வேணாமா அவனுக்குன்னு.

மெர்சி: நீங்க இன்னா சொன்னீங்க?

சுஹேல்: வேணாமாம்னு சொன்னேன். திரையில பாத்து ஓகே பண்ணிட்டா, இனிமே தோல்ல தைச்ச ஜோடி அனுப்பத் தேவையில்லைன்றான்னேன். அவ்ளோதான். எழுந்து அடுப்படிக்குப் போய்ட்டா.

மெர்சி: சாம்பிள் ரூம மூடுனா எல்லாரையும் புரொடக்‌ஷன் லைனுக்கு மாத்துவாங்கன்னு...

சுஹேல்: யாரு, எச்.ஆர். சொன்னாரா? லைன்ல இருக்கறவங்களுக்கே வாரத்துல பாதி நாள்தான் வேலை. மாத்துவாங்களாம்.

மெர்சி: கம்பெனி பஸ்ல சாம்பிள் ரூம் ராஜம்மாக்கா எனக்கு முன்னாடியே ஏறுவாங்க. ஆலங்காயத்துல நான் ஏறும்போது பக்கத்து சீட்டு காலியா இருக்கும், எனக்குன்னு புடிச்சு வச்சிருப்பாங்க. இன்னைக்கு அதுல டிபன் பை இருந்துச்சு. அவங்களும் எடுக்கல, நானும் கேக்கல. வாணியம்பாடி வரைக்கும் நின்னுட்டே வந்தேன்.

சுஹேல்: உன்மேல அவங்களுக்கு இன்னா கோவம்? நீயா பையரு?

மெர்சி: நான் அந்த ரூம்லேந்து வந்தவதானே. டிசைன் கோர்ஸ் படிக்கறப்போ மத்தியானமே கிளம்பிடுவேன். என் ஜோடியையும் சேத்து அவங்கதான் தைச்சாங்க. சூப்பர்வைசர் கேட்டா, பாத்ரூம் போயிருக்கான்னு சொல்லுவாங்க. ஒரு வருஷம் பூரா பாத்ரூம்லயே இருந்தேன் பாய்.

சுஹேல்: அம்பரீனும் சொல்லியிருக்கா. சொல்லிச் சொல்லி சிரிப்பா.

மெர்சி: இப்ப சிரிக்கறாளா? திரையில நான் போட்டிருக்கற தையல் யாருதுன்னு நெனைக்கறீங்க? ராஜம்மாக்கா தையல். ஓரத்துல லேசா உள்ள வாங்கி ஓட்டுவாங்க. அத போட்டோ எடுத்து வச்சுதான் வரைஞ்சேன். அவங்ககிட்ட சொல்லல.

சுஹேல்: சொல்லாத... உன் காண்ட்ராக்ட் இன்னாச்சு?

மெர்சி: இந்த மாசத்தோட முடியுது. இன்னைக்கு ஷூ சுத்துனா பர்மனென்ட். இல்லன்னா, இந்த சீசன் பழையபடி தோல்ல தைச்சு அனுப்பிட்டு, அடுத்த சீசனுக்கு வேற ஆளப் பாத்துக்கறோம்னாரு அருணகிரி சார்.

சுஹேல்: மூஞ்சிக்கு நேராவா?

மெர்சி: சிரிச்சுட்டுதான் சொன்னாரு. டீ கூட வாங்கிக் குடுத்தாரு.

சுஹேல்: உங்கப்பா?

மெர்சி: அவரு வேலை பாத்த தோல் டேனரிய மூடிட்டாங்க இல்ல. வூட்ல உக்காந்து டிவி பாக்கறாரு. சத்தம் வைக்காம பாக்கறாரு. தங்கச்சி நர்சிங் சேந்து இன்னும் ஒரு வருஷம் கூட ஆகல.

சுஹேல்: ம்.

மெர்சி: என்னத்த ம். வேலையப் பாருங்க.

சுஹேல்: பழசு ரெண்டையும் எடுத்துட்டேன். புதுச எடு. தங்கக் கலர்ல கோடு கோடா இருக்கு பாரு, அந்தப் பக்கம் தொடாத.

மெர்சி: இவ்ளோதானா? சீப்புல பாதி கூட இல்ல. இதுக்கா இத்தன பேருக்கு பேஜாரு.

சுஹேல்: குடு... ஒண்ணு ஆச்சு.

மெர்சி: ஏன் பாய் நிறுத்திட்டீங்க?

சுஹேல்: காலைலேந்து டீ குடிக்கல.

மெர்சி: கொண்டாரச் சொல்லட்டுமா?

சுஹேல்: வேணாம். அடுத்தது குடு.

மெர்சி: ...இந்தாங்க.

சுஹேல்: இதுவும் ஆச்சு. மூடிடலாம்.

மெர்சி: ஆச்சா?

சுஹேல்: ஆச்சு.

மெர்சி: சரி. மூடுங்க.

சுஹேல்: ...இப்ப ஆன் பண்ணு.

மெர்சி: கருப்பா இருக்கு.

சுஹேல்: புது மெமரி போட்டா மொத வாட்டி அப்டித்தான். அதுவா பாத்து அடையாளம் கண்டுக்கும். நடுவுல அணைக்கக் கூடாது.

மெர்சி: ஃபேன் ஓடுது.

சுஹேல்: ஓடும்.

மெர்சி: எவ்ளோ நேரம் ஆகும்?

சுஹேல்: கொஞ்ச நேரம்.

மெர்சி: கொஞ்ச நேரம் போய்டுச்சு பாய். சாப்பாட்டுக்குப் போனவங்க கூட திரும்பி வந்துட்டாங்க.

சுஹேல்: இன்னும் பாக்கலாம்.

மெர்சி: போன் வருது. அருணகிரி சார்தான். ஸ்பீக்கர்ல போடறேன்.

அருணகிரி: இன்னாம்மா, பையர் வந்துட்டான். ஸ்க்ரீன ஷேர் பண்ணு.

மெர்சி: சார்... சிஸ்டம் ஆன் ஆகல சார்.

அருணகிரி: புது மெமரி போட்டாச்சுன்னாங்க. சுஹேல் எங்க?

சுஹேல்: இங்கதான் இருக்கேன் சார். செட் ஆகல சார். கழட்டிப் பாக்கணும், நேரமாகும்.

அருணகிரி: பழசையே மாட்டேன்யா.

சுஹேல்: பழசுலதான் சார் நேத்து நின்னுச்சு.

அருணகிரி: வேற மிஷின்?

மெர்சி: சாஃப்ட்வேர் லைசென்ஸ் இதுல மட்டும்தான் இருக்கு சார்.

அருணகிரி: ...அந்தாளுகிட்ட நான் இன்னான்னு சொல்லுவேன். ரெண்டாவது நாளும்மா இது.

மெர்சி: சாரி சார்.

அருணகிரி: விடு. வழக்கம்போல ஜோடி தைச்சு கூரியர்ல அனுப்பறோம்னு சொல்லிடறேன். சாம்பிள் ரூம்ல தோல் வெட்ட ஆரம்பிக்கச் சொல்லுங்க. மெர்சி...

மெர்சி: சார்.

அருணகிரி: வூட்டுக்குப் போறப்போ எச்.ஆர். ரூமுக்கு வந்துட்டுப் போ.

மெர்சி: சரி சார்.

சுஹேல்: ...வச்சிட்டாரா?

மெர்சி: வச்சிட்டாரு. சாம்பிள் ரூமுக்கு நீங்களே போய்ச் சொல்லுங்க பாய். அம்பரீன் உங்க வாயால கேக்கட்டும்.

சுஹேல்: ஒரு சீசன்தான்மா. அடுத்த சீசன் மறுபடியும் இதேதான் வரப்போவுது.

மெர்சி: வரட்டும். ரம்ஜான் வரைக்குமாவது தைப்பாங்க இல்ல.

சுஹேல்: நீ எச்.ஆர்.கிட்ட இன்னா சொல்லப்போற?

மெர்சி: நான் இன்னா சொல்றது. அவரு சொல்லுவாரு, நான் கையெழுத்துப் போடுவேன்.

சுஹேல்: மெர்சி... உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்.

மெர்சி: வேணாம் பாய். போய் அம்பரீனப் பாருங்க.

சுஹேல்: இல்ல, சொல்லிடறேன். நீ என்ன திட்டு, சார்கிட்ட போய் சொல்லு, இன்னா வேணா பண்ணு. மெமரில ஒரு குறையும் இல்ல. ரெண்டாவது ஸ்டிக்க நான்...

மெர்சி: முழுசா அழுத்தல. தெரியும். மொதல்ல போட்டது டக்குனு கவ்வுச்சு, ரெண்டாவதுல சத்தமே வரல. அது அரைகுறையா தூக்கிகிட்டு நிக்கறதப் பாத்துட்டுதான் பாய், மூடறதுக்கு ஸ்க்ரூவ ஒண்ணொண்ணா எடுத்து உங்க கைல குடுத்தேன்.