வாயிற்சொல்

துலுக்காணம்: அட, கண்ணத் தொடைங்க மேனேஜர் சார். ஒரு லாரி செப்புக் கம்பிதானே போச்சு?

கோபால்: தானேயா! கம்பியோடு என் வேலையும் போகிறது, துலுக்காணம். முதலாளி பொன்னேரியைத் தாண்டிவிட்டாராம். ரகசியச் சொல் யாரால் வெளியே போனது என்பதே அவருடைய முதற்கேள்வியாக இருக்கும்.

துலுக்காணம்: வாசல் கேட்டாண்ட சொல்ற சொல்லா? வெச்சது நீங்கதானே.

கோபால்: ஆம். வாசற்காவலில் நிற்கும் உன்னிடம் சொல்லைச் சொல்லும் லாரிக்கே சரக்கு. வந்தவன் சொன்னானல்லவா?

துலுக்காணம்: சொன்னான் சார்... நிறுத்தி, நெதானமா.

கோபால்: எப்படி அறிந்தான்? வாரந்தோறும் மாற்றினேனே!

துலுக்காணம்: மாத்துனீங்க. போன வாரம் திருப்பாச்சூர் சாமி பேரு. இந்த வாரம் அந்தக் கோயிலு அம்மன் பேரு, தங்காதலி. அடுத்த வாரம் புள்ளையாரா?

கோபால்: ...முருகன் என்றிருந்தேன்.

துலுக்காணம்: இன்னா ரகசியம்! எவனால கண்டுபுடிக்க முடியும்?

கோபால்: வாசலில் நல்ல பெயர் ஒலிக்கட்டுமே என்று...

துலுக்காணம்: ஒலிக்குதே! "தங்காதலி, தாயே"ன்னு நீங்க பாடிக்கினே பல்லு வெளக்கறது எளாவூர் செக்போஸ்ட் வரைக்கும் கேக்குது.

கோபால்: அது பக்தி! கேட்டில் சாக்பீஸால் எழுதியது யார்? அதைச் சொல்.

துலுக்காணம்: நீங்கதான். மறந்துடுமாம்.

கோபால்: உட்புறத்தில்தானே எழுதினேன்!

துலுக்காணம்: கேட்டை வெளிய தள்ளிச் சொவரோட சாத்துனா உள்பக்கம் ரோட்டப் பாக்குது சார். கும்மிடிப்பூண்டியே படிச்சுக்கினு போவுது.

கோபால்: ...இன்னொன்றும் உண்டு. காலையில் ஒரு டிரங்கால். "மெட்ராஸ் ஆபீஸ் பேசுகிறோம், இன்றைய சொல்லைச் சரிபார்க்க வேண்டும்" என்றது ஒரு குரல். பணிவான குரல்.

துலுக்காணம்: சொல்லிட்டீங்களா?

கோபால்: இருமுறை. லைனில் இரைச்சல்.

துலுக்காணம்: பலே! பதம் பிரிச்சு அர்த்தமும் சொன்னீங்களா?

கோபால்: ...கேட்டான். சொன்னேன்.

துலுக்காணம்: இன்னும் லாரியில ஏத்தி உடறது ஒண்ணுதான் பாக்கி.

கோபால்: போதும். குற்றம் என்னுடையது. முதலாளி காலில் நானே விழுகிறேன். உன் பெயர் வராது. பிள்ளைகுட்டிக்காரன், பிழைத்துப் போ.

துலுக்காணம்: சார்... கார் வருது சார்.

கோபால்: வரட்டும். சாட்சியாக ஒன்று மட்டும் சொல். அந்த லாரிக்காரன் அம்மன் பெயரை எப்படி உச்சரித்தான்?

துலுக்காணம்: எங்க சார் உச்சரிச்சான்... ஹாரன் அடிச்சான், தொறந்துட்டேன். இன்னி வரைக்கும் எவன்கிட்டயும் நான் சொல்லு கேட்டதே இல்ல.