அக்காவுக்கு வேர்த்த நாள்

தகரக் கூரைக்குக் கீழே இருபத்தாறு வருடம் தையல் மிஷின் மிதித்தவள் நான். வேர்ப்பதற்கென்றே முன்பதிவு செய்துகொண்டு ஓர் இடத்துக்குப் போவார்கள் என்று கேட்டபோது எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது, ஐயா. முழங்கால் வலிக்கு நல்லது என்று ரவிக்கை தைக்க வந்தவள் ஒருத்தி சொன்னதால் போனேன். இன்ஃப்ராரெட் சானா என்று பெயர். ஆவி கிடையாது. கண்ணாடிக் கதவு போட்ட மர அறை, இரண்டு பேர் உட்காரலாம், சிவப்பு விளக்கு எரியும். சூடு நேரே எலும்புக்குள் இறங்கும். நிஜமாகவே வலி குறைந்தது.

"நானும் வரேன்டி" என்றாள் அக்கா. அத்தான் போன பிறகு அவள் என்னோடுதான் இருந்தாள். அவளுக்கு இதய நோய். வேளாவேளைக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பது நான். அங்கே ஒவ்வொரு முறையும் உடல்நிலைப் படிவம் எழுதித் தர வேண்டும். அவளுக்கும் சேர்த்து நானே நிரப்புவேன். நோயை மறைக்காமல் எழுதியதால் அவளுக்குச் சூட்டைக் குறைத்துவைத்து, பத்தே நிமிடத்தில் வெளியே அனுப்பிவிடுவார்கள்.

மூன்றாவது வாரம், கதகதப்பில் அக்காவுக்கு வாய் இளகிவிட்டது.

"அந்த மருந்துக்கடைக்காரர் ஞாபகம் இருக்கா? உன்னைப் பொண்ணு பார்த்துட்டுப் போனாரே."

"இருக்கு."

"உனக்கு வலிப்பு வரும்னு அவங்க வீட்ல நான்தான் சொன்னேன். நீ போயிட்டா, படுத்த படுக்கையாக் கிடந்த அம்மாவை யாருடி பார்த்துக்கிறது? எனக்குக் கைக்குழந்தை வேற." சிரித்தாள். "இன்னுமா அதெல்லாம் மனசுல வச்சிருக்கப் போற?"

அவர் பதிலே சொல்லாமல் போனதற்கு என் எடுப்புப் பல்தான் காரணம் என்று நினைத்திருந்தேன். அன்றிலிருந்து வாயை மூடிக்கொண்டே சிரிக்கப் பழகினேன். அழுத என்னை மடியில் போட்டு, "பல்லைப் பார்த்துப் பயந்துட்டான் போல, விடுடி" என்று தேற்றியவளும் அக்காதான். பொய்யைக்கூட மன்னித்திருப்பேன். அந்தத் தேற்றலை என்னால் மன்னிக்க முடியவில்லை. மனசு விட்டுப்போனது.

அடுத்த செவ்வாய்க்கிழமை, அக்காவுக்கு நோய் எதுவும் இல்லை என்று படிவத்தில் எழுதினேன். வரவேற்பில் அன்று வேறொரு பெண், வேலைக்குப் புதியவள். சூட்டை முழுசாக ஏற்றி, நாற்பது நிமிடம் என்று அழுத்திவிட்டுப் போனாள். அவள் மேல் குற்றம் இல்லை. பாவம், அவளை விட்டுவிடுங்கள்.

"தலை சுத்துதுடி" என்றாள் அக்கா.

"நல்லா வேர்த்தா சரியாப் போயிடும்க்கா. இரு, தண்ணி கொண்டு வரேன்."

நம்பினாள். உடம்பு விஷயத்தில் அவள் டாக்டரை விட என்னைத்தான் நம்புவாள். வெளியே வந்து ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்தேன். தாகமாக இருந்தது, நானே குடித்துவிட்டேன்.

வாக்குமூலத்தில் மற்றதெல்லாம் சரியாகத்தான் எழுதியிருக்கிறீர்கள், ஐயா. உள்ளே வைத்துப் பூட்டினேன் என்பது மட்டும் தப்பு. அந்தக் கதவுக்குப் பூட்டே கிடையாது. உள்ளிருந்து லேசாகத் தள்ளினாலே திறந்துகொள்ளும். அவள் தள்ளத்தான் செய்தாள், நாலைந்து தடவை. என்னைக் கூப்பிடவும் செய்தாள். நான் அவளை ஒன்றும் செய்யவில்லை. கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டிருந்தேன், அவ்வளவுதான்.