கல் பழகும் வரை

ஃபில்டர் கல்லைக் குழாய்த் தண்ணீரில் கழுவக் கூடாது. பலருக்கு இது தெரியாது. ஆதாரத்துக்கென்று என் வீட்டிலிருந்து எடுத்து வந்த கல்லை உங்கள் ஸ்டேஷன் ஆட்களில் யாரோ பளிச்சென்று கழுவி இந்த மேஜைமேல் வைத்திருக்கிறார்கள். நல்ல எண்ணத்தில்தான் செய்திருப்பார், அவரைத் திட்டாதீர்கள். ஆனால் அந்தத் தண்ணீரின் குளோரினில், கல்லில் உயிரோடு இருந்ததெல்லாம் போய்விட்டது.

கேட்டதற்கு வரிசையாகச் சொல்கிறேன். கடைத் தராசுகளைச் சரிபார்க்கும் வேலையில் இருபத்தேழு வருடம் இருந்தவன். கூட்டிக் குறைத்துப் பேசிப் பழக்கம் இல்லை.

என் வீட்டு ஹாலில் இருப்பது பவளமும் மீனும் வளர்க்கும் உப்புத் தண்ணீர்த் தொட்டி. பதினொரு வருடமாக இருக்கிறது. மீனின் கழிவு அம்மோனியாவாக மாறும், அது மீனுக்கே விஷம். அந்த விஷத்தைத் தின்று தீர்க்கும் பாக்டீரியா குடியிருக்கத்தான் இந்தச் செராமிக் கல். கையில் எடுத்தால் ரஸ்க் மாதிரி லேசாக இருக்கும், உள்ளே முழுக்க ஓட்டை. தொட்டித் தண்ணீரை ஒரு மோட்டார் அதன் வழியே ஓட்டிக்கொண்டே இருக்கும். புதுக் கல் போட்ட அன்றே வேலை செய்யாது. பழைய கல்லுக்குப் பக்கத்தில் ஆறு வாரம் வைத்தால், அதில் இருக்கும் கூட்டம் மெல்ல இதில் குடியேறும். அதன் பிறகுதான் பழசை எடுக்க வேண்டும். பழசு உதிர்ந்து சேறாகிக்கொண்டிருந்ததால் நான் மூன்றாவது வாரமே எடுத்துவிட்டேன். அவசரப்பட்டது என் தப்பு, மறைக்கவில்லை.

உள்ளறையில் அக்கா இருந்தாள். எனக்கு ஒன்பது வயதில் அம்மா போன பிறகு சோறு போட்டு, படிக்க வைத்து, ஆளாக்கியது அவள்தான். அதற்காகக் கல்யாணத்தைத் தள்ளித் தள்ளிப் போட்டு, அப்படியே விட்டும்விட்டாள். இரண்டு வருடமாக நுரையீரல் சுருங்கும் நோய். மூக்கில் குழாய், கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின். அது ஓடினால்தான் மூச்சு. வாய் மட்டும் குறையவே இல்லை. “என் தம்பிக்கு மீன் பாஷை தண்ணி பட்ட பாடு. மனுஷ பாஷைக்குத்தான் ட்யூஷன் வைக்கணும்” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். நானும் சிரிப்பேன். அவள்மேல் எனக்குக் கோபம் கிடையாது. மெஷின் வந்ததிலிருந்து தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்காமல் போனது, அது ஒன்றுதான் குறை.

இன்வெர்ட்டரைப் பார்க்க வந்த எலக்ட்ரீஷியன் நேராகவே சொல்லிவிட்டார். “சார், இது ஒண்ணைத்தான் தாங்கும். அவங்க மெஷினா, உங்க தொட்டி மோட்டாரா. ரெண்டையும் போட்டீங்கன்னா அஞ்சு நிமிஷத்துல படுத்துரும்.” பெரிய இன்வெர்ட்டர் ஒன்றுக்குச் சொல்லி வைத்தேன். வர ஒரு மாதம் ஆகும் என்றார்.

அப்போதெல்லாம் பகலில் மின்சாரம் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. முதல் தடவை போனபோது நான் அக்காவின் பிளக்கைத்தான் கையில் எடுத்தேன். “முதல்ல உன் மோட்டாரைப் போடுடா. நான் பத்து நிமிஷம் தாக்குப் பிடிப்பேன்” என்றாள். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். ஆரம்பித்து வைத்தது அவள்.

சொன்னபடி தாங்கினாள். விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டரில் தொண்ணூற்று மூன்று இருந்தது எண்பத்தெட்டுக்கு இறங்கியது, மெஷின் ஓடியதும் ஏறிவிட்டது. அதைப் பார்த்தபோதுதான் எனக்கு யோசனை வந்தது. கடையிலிருந்து வாங்கி வரும் மீனை யாரும் அப்படியே தொட்டியில் கொட்டுவதில்லை. பையில் இருக்கும் தண்ணீரில் நம் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பழக்குவோம். பழக்கினால் எந்த உயிரும் பழகும்.

அதனால் பழக்கினேன், மின்சாரம் போகாத நாட்களிலும். செவ்வாய் பன்னிரண்டு நிமிடம், வியாழன் பதினைந்து, அடுத்த திங்கள் இருபது. “கரண்ட் போயிடுச்சுக்கா” என்று சொல்லிவிட்டு மெஷினை நிறுத்துவேன். மின்விசிறியையும் நிறுத்த வேண்டியிருந்தது, இல்லாவிட்டால் கண்டுபிடித்துவிடுவாள். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மீட்டரையே பார்த்துக்கொண்டிருப்பாள். நான் பக்கத்தில் நின்று எழுதிக்கொள்வேன். இருபதாவது நிமிடத்தில் நகம் லேசாக நீலமாகும். அதையும் எழுதியிருக்கிறேன்.

ஒருநாள் கேட்டாள், “ஏன்டா, எதிர்வீட்டுல மட்டும் டிவி சத்தம் கேக்குது?”

“அவங்ககிட்ட ஜெனரேட்டர் இருக்குக்கா.”

அது பொய் இல்லை. அவர்களிடம் ஜெனரேட்டர் இருந்தது. “கரண்ட் போனா ஒரு குரல் குடுங்க தம்பி, இங்கேருந்து ஒரு வயரை இழுத்துக்கலாம்” என்று அந்த எதிர்வீட்டு அம்மா இரண்டு தடவை சொல்லியும் இருந்தார். அடுத்த வீட்டில் கை நீட்டுவது எனக்குப் பிடிக்காது.

அவர்தான் உங்களிடம் என்னைப் பற்றி, ஒரு கண்ணுக்கு வெண்ணெய் மறு கண்ணுக்குச் சுண்ணாம்பு என்று சொன்னாராம். நோட்டைத்தான் எடுத்து வந்திருக்கிறீர்களே, புரட்டிப் பாருங்கள். இடது பக்கம் அம்மோனியா, வலது பக்கம் அக்கா. இரண்டுக்கும் ஒரே நோட்டு, ஒரே பேனா. நான் பாரபட்சம் பார்த்ததில்லை.

புதன்கிழமை கேபிள் மாற்றப் போவதாகவும், காலை பத்திலிருந்து இரண்டு வரை மின்சாரம் இருக்காது என்றும் இரண்டு நாள் முன்பே கதவில் சீட்டு ஒட்டியிருந்தார்கள். அக்கா காதுக்குப் போனால் வீணாகப் பயப்படுவாள் என்று கிழித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். பாக்டீரியாவுக்கும் ஆக்சிஜன் வேண்டும். நான்கு மணி நேரம் தண்ணீர் ஓடாவிட்டால் அந்த இளங்கல்லில் ஒன்றும் மிஞ்சாது. கல் போனால் மீன் போகும், பவளம் போகும், என் பதினொரு வருடமும் போகும். அக்கா அதுவரை பழகியிருந்தது முப்பத்தைந்து நிமிடம்.

பத்து மணிக்கு மின்சாரம் போனது. இன்வெர்ட்டரில் மோட்டாரைச் செருகினேன். பத்தரைக்கு அக்கா டம்ளரில் ஸ்பூனால் தட்டினாள். பேச மூச்சு போதாதபோது அப்படித்தான் கூப்பிடுவாள். “இதோ வந்துட்டேன்கா” என்றேன். அந்த நேரம் பார்த்து வாசல் கதவை யாரோ தட்டினார்கள். எதிர்வீட்டு அம்மா, தோளில் வயர் சுருளோடு.

“அக்காவுக்கு மெஷின் ஓடுதா தம்பி?”

“ஓடுதும்மா. தூங்கறாங்க.”

“என்னமோ தட்டுற மாதிரி கேக்குதே.”

“மோட்டார் சத்தம்.”

வயரை அடுத்த தோளுக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார்.

பிறகு தண்ணீரைச் சோதித்தேன். சோதனைக் குழாயில் தொட்டித் தண்ணீர் பிடித்து, மருந்தைச் சொட்டு எண்ணி விட்டு, குலுக்கி, ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். பச்சையானால் அம்மோனியா. மஞ்சளாகவே நின்றால் இல்லை. நேரம் தப்பினால் நிறத்தை நம்ப முடியாது.

ஸ்பூன் தட்டிக்கொண்டிருந்தது. முதலில் வேகமாக, பிறகு விட்டு விட்டு. மூன்றாவது நிமிடத்தில் டம்ளர் கீழே விழுந்து உருண்டது. அதன் பிறகு சத்தம் இல்லை. ஹாலிலிருந்து உள்ளறைக்குப் பதினோரு எட்டு. பிளக்கை மாற்றிச் செருக அரை நிமிடம். முன்பே அளந்து வைத்திருந்தேன். மீதி இரண்டு நிமிடமும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.

நீதான் கொன்றாயா என்று கேட்கிறீர்கள். ஆமாம். பிளக் என் கையில் இருந்தது, வயர் என் வாசல்வரை வந்தது, இரண்டையும் வேண்டாம் என்றவன் நான். எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அவள்மேல் எனக்குப் பாசம் இல்லை என்று மட்டும் எழுதாதீர்கள். ஐந்து நிமிடம் முடிந்தும் மஞ்சளாகவே இருந்தது. கல் பிழைத்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தை யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும் போலிருந்தது. எனக்கென்று இருந்தது அவள் ஒருத்திதான். குழாயைக் கையில் பிடித்தபடி அவளிடம்தான் ஓடினேன்.