லாயத்தின் மானம்

குதிரைக்குக் கொள்ளு வைத்தால் மட்டும் போதாது ஐயா; வைக்கும்போது அதனுடன் இரண்டு வார்த்தை பேசவும் வேண்டும். பேசாத கையிலிருந்து தின்ற குதிரை, ஓட வேண்டிய நேரத்தில் காதைப் பின்னுக்கு மடக்கிக்கொள்ளும். நான் முரடன் அல்லன் என்பதைத் தாங்கள் முதலில் அறிய வேண்டும். அதற்காகவே இதைச் சொல்கிறேன். வாயில்லா உயிரை நான் ஒருநாளும் அடித்ததில்லை.

என் பெயர் சகாதேவன். சக்கரவர்த்தி முதலாளியின் லாயத்தில் ஜட்கா ஓட்டுகிறேன். ரயிலடியில் இறங்கும் யாத்திரிகரைக் கோபுர வாசலில் கொண்டுசேர்ப்பது அன்றாடப் பிழைப்பு. இளமையில் மடத்தில் சோறும் பதிகமும் ஒன்றாகக் கிடைத்தன. வண்டியில் ஏறியவர் கேட்டால் பாடிக்கொண்டே ஓட்டுவேன்; கேட்காவிட்டாலும் பாடுவேன் என்று மற்ற வண்டிக்காரர்கள் கேலி செய்வார்கள்.

ஆண்டுக்கு மூன்று முறை எங்கள் லாயத்துக்கும் ராமதாஸ் லாயத்துக்கும் பந்தயம் நடக்கும். மூன்றில் இரண்டை வென்ற லாயம், வெள்ளிப்பூண் கட்டிய சாட்டையை அடுத்த ஆண்டுவரை தன் வாசலில் மாட்டிவைக்கும். வென்ற ஓட்டியை ஊரே பெயர் சொல்லி அழைக்கும். இந்த ஆண்டு இரு லாயமும் ஒவ்வொன்று வென்றிருந்தன. ஆடியில் வேங்கிக்கால் சாலையில் ஓடும் மூன்றாம் பந்தயமே தீர்ப்பு.

லாயத்துக்கு இரண்டு வண்டிகள் ஓடும். ஒன்று வெல்வதற்கு, மற்றொன்று அதன் பின்னே காவலாக ஓடி, எதிரி முந்தாதபடி வழியை அடைப்பதற்கு. வெல்லும் வண்டி பல ஆண்டுகளாக என்னுடையது. இந்த ஆடியில் முதலாளி என்னைத் தனியே அழைத்து, இருசப்பன் முன்னே போகட்டும் என்றார். இருசப்பன் என்னைவிட மிகவும் இளையவன். நல்ல கை உள்ளவன்.

"நீ பின்னால வந்து வழியக் காத்துக் குடு, சகாதேவா. உனக்கு வேகம் கொஞ்சம் கம்மியாயிடுச்சு. தப்பா எடுத்துக்காத."

நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. தன்னை ஒடுக்கித் தலைவனை உயர்த்துவதே தொண்டு என்றுதான் நான் பாடுகிற பதிகங்கள் எல்லாம் சொல்கின்றன. ஓட்டுகிறவன் சிறியவன்; லாயம் பெரிது. ஆகட்டும் என்று சொல்லிவிட்டுப் போய், இருசப்பனின் வண்டி அச்சுக்கு நானே எண்ணெய் விட்டேன்.

பிறகு ஒரு பேச்சு கிளம்பியது. ராமதாஸின் ஆள் ஒருவன் டீக்கடையில் இருசப்பன் தோளில் கைபோட்டுப் பேசினானாம். பந்தய நேரத்தில் ஓட்டிகளைக் கலைப்பது புதிதன்று. ஆகவே, கைவிட்டுப் போயிருந்த ஒரு வழக்கத்தை நான் முதலாளிக்கு நினைவூட்டினேன். முற்காலத்தில் பந்தயத்துக்கு முன் ஓட்டிகள் லாயத்துப் பிள்ளையார் முன்னே நின்று, எரியும் கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்து, இந்த லாயத்துக்கே உண்மையாக இருப்பேன் என்று சத்தியம் செய்வார்கள். முதலாளி இசைந்தார். நான் அணைத்தேன். இருசப்பன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"இந்தத் தபா மட்டும் வேணாங்கண்ணா. இன்னாத்துக்குனு கேக்காதீங்க."

"மடியில கனமில்லன்னா இன்னாடா பயம்?" என்றேன்.

அவன் தலைகுனிந்தான். முதலாளி சினந்திருக்க வேண்டும். அவரோ சிரித்தார். "வுடு சகாதேவா. அவன் சத்தியம் பண்ணாங்காட்டி குதிரை ஓடாதா?"

என் இத்தனை ஆண்டு உழைப்பில் ஒரு பிழையையும் அவர் அப்படிச் சிரித்து விட்டதில்லை. இதை வருத்தத்தில் சொல்லவில்லை, நடந்தபடி சொல்கிறேன்.

சத்தியத்துக்கு அஞ்சுகிறவன் துரோகி. துரோகி வென்றால் அது லாயத்தின் வெற்றி ஆகாது. இந்த நியாயத்தில் பிழை இருந்தால் தாங்கள் சொல்லலாம். பந்தயத்தன்று காலை குதிரைகளைக் குளிப்பாட்ட எல்லாரும் ஏரிக்குப் போனபோது, இருசப்பன் வண்டியின் இடச் சக்கரத்திலிருந்து கடையாணியைக் கழற்றினேன். அந்த இடத்தில் வேப்பங்குச்சியைச் செருகி, மேலே வண்டி மை பூசினேன். குச்சியைத் தாங்கள் கண்டெடுத்ததில் எனக்கு வியப்பில்லை.

ஏரி மதகருகே பந்தயச் சாலை வலப்புறம் வளைகிறது. வளைவில் பாரமெல்லாம் இடச் சக்கரத்தில் இறங்கும். இடப்புறம் மதகின் கருங்கல் நிற்கிறது. இதைக் கணக்கிட்டுச் செய்ததாக நினைக்க வேண்டாம். வழி எனக்குத் தெரியும், அவ்வளவே. வண்டி சாயும், அவன் தோற்பான், லாயம் தூய்மையாகும் என்று மட்டும் எண்ணினேன்.

சக்கரம் நான் நினைத்த இடத்தில் கழன்றது. அவன் தலை கல்லில் பட்ட ஓசை, தேங்காய் உடையும் ஓசையைவிடப் பெரிதன்று. அடுத்து வந்தவன் நானே. குதிரையை வலப்புறம் ஒடித்து விலகிப் போனேன். எனக்குப் பின்னே வந்த எதிர் லாயத்துக் கோதண்டராமன், சாட்டையும் பெயரும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் கடிவாளத்தை இழுத்து நிறுத்தி, குதித்து ஓடி அவனை மடியில் தூக்கிப் போட்டுக்கொண்டான்.

"நம்ம பையன் கெடக்கறான், நீ எங்கடா போற" என்று அவன் கேட்டது என் காதில் விழுந்தது.

'நம்ம' என்றான். அவன் லாயத்துக்கு அவன் காட்டிய விசுவாசம் அவ்வளவுதான். நான் நிற்கவில்லை. எல்லையைத் தொட்டேன். சாட்டை எங்கள் வாசலுக்கு வந்தது. மாலையிட வந்தவர்கள் இருசப்பன் உயிர் போன சேதி கேட்டு மாலையைத் தரையில் வைத்துவிட்டுப் போனார்கள். நான் எடுத்து மடித்து வைத்தேன். பூ என்ன செய்தது?

அவன் மனைவி பொன்னி சொன்னதை நேற்று வாசித்துக் காட்டினீர்கள். அவள் முழுகாமல் இருக்கிறாள். மனைவி அந்த நிலையில் இருக்கும்போது கணவன் எரியும் சுடரைக் கையால் அணைக்கமாட்டான். அணைத்தால் வயிற்றில் உள்ளதும் அணைந்துவிடும் என்று எங்களவர் அஞ்சுவார்கள். முன்பு இருமுறை கரு கலைந்ததால் இம்முறை வெளியே சொல்லாமல் மறைத்திருந்தார்கள். அதனால்தான் அவன் சத்தியம் செய்யவில்லை. ராமதாஸ் தரப்பில் அவனை யாரும் அழைக்கவுமில்லை.

இது தெரிந்திருந்தால் அவனைச் சந்தேகித்திருக்கமாட்டேன் என்று நேற்றுச் சொன்னேன். தம் முடியைக் காணாதவர் கண்டதாகப் பொய்ச்சாட்சி சொன்ன தாழம்பூவை எங்கள் அண்ணாமலையார் பூசைக்கு ஆகாது என்று விலக்கிவைத்தார். அவர் ஊரில் இருந்துகொண்டு நான் பொய் சொல்லலாகாது.

என் மனைவி ராஜம்மாளுக்குப் பொன்னி நெருக்கம். இரண்டு வீட்டுக்கும் ஒரே கிணறு. தண்ணீர் சேந்தும்போது பொன்னி இதை அவளிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள். ராஜம்மாள் சோறு போட்டுக்கொண்டே என்னிடம் சொன்னாள். மறுநாள் காலையில்தான் நான் கடைக்குப் போய்ச் சத்தியத்துக்குக் கற்பூரம் வாங்கினேன்.