புரைக்குள் புகுந்த காற்று

நம்ம வாய்க்கால் சங்கத்துத் தீர்மானத்தை அப்புறம் வாசிக்கலாம். ஒரு சின்னக் கதை நெஞ்சுல முட்டிக்கிட்டு நிக்குது, அதை இறக்கி வச்சிடறேன். நடந்த கதை. அங்கங்க கொஞ்சம் கூடிப்போனா பொறுத்துக்கிடுங்க.

எங்க வீட்டுக்குப் பின்னால நெல்லு சேர்க்கிற மரப்புரை ஒண்ணு உண்டு. நான் எட்டாம் வகுப்புல மூணு தடவை தோத்தவன். ஆனா அந்தப் புரையைப் பத்தி, மெட்ராஸ்ல இருந்து வந்த என்ஜினீயருக்கே பாடம் எடுத்தவன்! கல்லு மேல பலாமரத் தூண். தூண் மேல உத்திரம். அதுக்கு மேல கூரை ஓடுகளைத் தாங்குற கழுக்கோல். பூராவும் மர முளையில மாட்டினது... ஒரு இரும்பாணி கிடையாது. சுவரு? வெறும் பலகை. தூணுக்குத் தூண் நீளப் பள்ளமா காடி வெட்டி, அந்தக் காடிக்குள்ள தச்சன் பலகையை இறக்கியிருப்பான். பாரம் தூணுக்குத்தான், பலகைக்கு இல்ல. வேணும்னா மேலேயிருந்து ஒவ்வொண்ணா உருவிடலாம்.

புயல் வந்த வருஷம். மத்தியானம் மூணு மணி. வீட்டு ஓடெல்லாம் காக்கா மாதிரி பறக்குது. நான், அண்ணன் தவமணி, மைனி செல்லநேசம், அவங்க ரெண்டு பொம்பளப் பிள்ளைகள்... அஞ்சு பேரும் புரைக்குள்ள ஓடினோம்.

டமார்! முன்கதவை உடைச்சிட்டுக் காத்து உள்ள வந்துட்டு. வந்துட்டு... போக வழி? இல்ல. மேல முட்டுது. கூரை எழும்புது... உக்காருது... எழும்புது... உக்காருது. ஒவ்வொரு தடவையும் கழுக்கோலுக்கும் உத்திரத்துக்கும் நடுவுல வானம் தெரியுது!

நானும் அண்ணனும் கதவைப் பிடிச்சுத் தள்ளுறோம். கொம்பு பிடிச்சுக் காளையை நிறுத்தினவன் நான்... கதவு என்னைத் தள்ளுது.

மைனி கத்துறாங்க: "கதவை விடுங்க! பின்பக்கப் பலகையை உருவுங்க!"

அண்ணன்: "ஏட்டி, கிறுக்கு பிடிச்சிருக்கா? விதைநெல்லு நனைஞ்சு போவும்!"

"நனைஞ்ச நெல்லு முளைக்கவாவது செய்யும். நசுங்கினா நீரு முளைப்பீரா?"

சொல்லிட்டு ஓடிப்போய்ப் பலகையைப் பிடிச்சு இழுக்கிறாங்க. அசையல. இன்னொண்ணு... அதுவும் அசையல.

"கொழுந்தனாரே, இது ஏன் வரமாட்டேங்குது?"

ஏன் வரல? ஆணி! எவன் அடிச்சான்? ...நான்தான் அடிச்சேன். திருடன் உருவிட்டுப் போயிடுவான்னு, தச்சன் வேண்டாம் வேண்டாம்னு சொன்னபிறகும், புயலுக்கு முந்தின வருஷம் நாப்பது ஆணி அடிச்சேன். ஊரெல்லாம் பெருமை வேற பேசினேன்.

"மைனி... அது... நான்தான்..."

"பொறவு அழும். கடப்பாரையை எடும்!"

நெம்பினேன். முதல் பலகை நடுவுல முறிஞ்சுது. மேல ஒரு கழுக்கோல் படார்னு ஒடிஞ்சு என் காதை உரசிட்டு விழுந்தது. பிள்ளைகள் அலறுது. ரெண்டாவது பலகை... மூணாவது... அண்ணனும் கதவை விட்டுட்டு வந்து கை போட்டான். நாலாவது பலகை தெறிச்சுது பாருங்க... காத்து எங்க தலைக்கு மேல பாய்ஞ்சு, பின்பக்கமா வெளிய போச்சு.

கூரை உக்காந்தது. காத்திருந்தோம்... எழும்பல.

அதுக்குப் பிறகும் ரெண்டு மணி நேரம் புயல் அடிச்சுது. முன்னால வந்தது, பின்னால போச்சு. விதைநெல்லுல பாதி நாசம். ஆனா அஞ்சு பேரும் நடந்து வெளிய வந்தோம்.

இதை இப்ப எதுக்குச் சொல்றேன்? வாய்க்காலோட கடைசியில வயல் வச்சிருக்கிறவங்க, தண்ணி எட்டலன்னு கேக்கக் காலையில இருந்து எழும்பி எழும்பி நிக்கிறாங்க. நாம மேடையில இருந்துக்கிட்டு "அமைதி, அமைதி"ன்னு கதவைத் தள்ளிட்டிருக்கோம். பேசவிட்டா சங்கம் உடைஞ்சிடும்னு பயம்! ஐயா, நாலு பேரு திட்டினா சங்கம் உடையாது. போக வழியில்லாத கோபம்தான் கூரையைத் தூக்கும்.

இன்னைக்குப் பேசுறவங்க பட்டியல்ல அவங்க ஆளு ஒருத்தர் பேரும் இல்ல. பட்டியல் போட்டது யாரு? இந்த மகராசன்தான்... நானேதான்.

எனக்கு இன்னும் இருபது நிமிஷப் பேச்சு பாக்கி இருக்கு, பிரமாதமான பேச்சு... கிடக்கட்டும். வேலப்பன் அண்ணாச்சி, கடைசி வயல்காரங்களுக்காக நீங்க மேல வாங்க. திட்ட வேண்டியதை முழுசா திட்டுங்க. இந்தாங்க மைக்கு.